பாக்கியத்துக்கு நான் கொடுத்த உத்தியோகம்

1

போன வாரம் மறுபடியும் ஒரு கணக்கெடுப்புக்காரர் வந்தார். என் மகள் எஸ்தர் வாசலில் நின்று, "அப்பன் இவிட இல்லா" என்று மலையாளத்தில் சொன்னாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தேன். வந்தவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"அப்போ இவர் ஆரு?" என்று கேட்டார்.

"விருந்துக்கு வந்த ஆள்" என்றாள் எஸ்தர், கண் இமைக்காமல்.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "இனிமே எந்தக் கணக்குக்காரன்கிட்டயும் நீங்க வாய் திறக்கக் கூடாது அப்பா. ஒருத்திய வீடில்லாம ஆக்கினது மதி."

மதி என்றால் இங்கே போதும் என்று பொருள். என் மகள் கோபத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிறாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டையுமே மலையாளத்தில்தான் செய்கிறார்கள். எனக்கு மலையாளத்தில் கோபம் வராது. விண்ணப்பம் மட்டுமே வரும்.

எஸ்தர் சொன்னது உண்மை. பாக்கியம் என்ற பெண்ணுக்குச் சர்க்கார் செலவில் ஒரு வீடு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. அதைக் கெடுத்தது ஒரு கேள்வித்தாளும் நானும். கேள்வித்தாளை மட்டும் திட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, என்னை விட்டுவிட்டு அதை மட்டும் திட்ட வழியில்லை என்று தெரிந்தது.

நம் சபைப் பத்திரிகை ஆசிரியர் கேட்டது வேறு. சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போன நம்மூர்க்காரர்கள் அந்நிய வாழ்க்கை பற்றி எழுதுகிறார்களாம், நானும் எழுதலாமே என்று கடிதம் போட்டிருந்தார். நான் இருப்பது சக்குபள்ளம். கம்பத்திலிருந்து மலை ஏறினால் வருகிற ஏலக்காட்டு ஊர். மேகம் இல்லாத சாயங்காலங்களில் வீட்டுக்கு மேலே உள்ள பாறையில் நின்றால் தமிழ்நாட்டு விளக்குகள் தெரியும். இதையும் வெளிநாட்டுக் கணக்கில் சேர்த்த ஆசிரியரின் பெருந்தன்மைக்கு நன்றி.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இங்கே பஸ்ஸின் பலகை வேறு எழுத்து, ரேஷன் கார்டு வேறு எழுத்து, பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகம் வேறு எழுத்து. எல்லை என்ற ஒன்று இருக்கிறது, அதற்குக் காவலும் இருக்கிறது. மனிதர்கள் தாண்டுவதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம். அரிசிக்குத்தான் வேண்டும். தமிழ்நாட்டு அரிசியைக் கேரளத்துக்குக் கொண்டுவருவது குற்றம். எல்லையின் தென்கோடியில் கொல்லங்கோட்டுப் பக்கமும் இதே சட்டம்தான், இதே மீறல்தான் என்று கேள்வி. நான் சொல்வதைச் சபைப் பத்திரிகையில் அச்சிடலாமா என்று ஆசிரியர் முடிவு செய்யட்டும்: இந்த மலையில் எல்லாரும் அந்த அரிசியைத்தான் சாப்பிடுகிறோம். நானும் ஜெபம் செய்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.

2

இரண்டு கோடைக்கு முன்பு ஜோய் என்ற இளைஞன் கேள்வித்தாள் கட்டுடன் வந்தான். கோட்டயத்துப் பக்கத்துப் பையன். தமிழ் தெரியாது. தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளிகளுக்கான வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள் எல்லாரும் தமிழர்கள். இரண்டு மொழியும் தெரிந்த, வேறு வேலை எதுவும் இல்லாத, ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க் ஒருவர் இருக்கிறார் என்று பஞ்சாயத்து ஆபீசில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 'வேறு வேலை எதுவும் இல்லாத' என்பதில் தொடங்கியது எனக்கும் அந்தத் தாளுக்கும் பகை.

எதற்கு இந்தக் கணக்கெடுப்பு என்று தாளில் எங்கேயும் இல்லை. ஜோயிக்கும் தெரியாது. "மேலே நின்னு பறஞ்ஞு, நம்மள் எழுதுன்னு" என்றான். மேலிடம் சொன்னது, எழுதுகிறோம் என்று பொருள்.

தொழிலுக்கு ஆறு எண்கள் இருந்தன. சொந்த நிலத்தில் விவசாயம் ஒன்று. விவசாயக் கூலி இரண்டு. கைத்தொழில் மூன்று. மாதச் சம்பள உத்தியோகம் நான்கு. வியாபாரம் ஐந்து. வேலை செய்யாதவர்கள் ஆறு. ஆளுக்கு ஒரே எண்தான், அதுவும் கடந்த ஒரு வாரத்தில் செய்த வேலைக்கு மட்டும். வகுத்தவர் நெல்லையும் தென்னையையும் தவிர வேறெதையும் பார்த்திராதவராக இருக்க வேண்டும். ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பெரித்துக் காய் உலர்த்துகிறவர் இதில் எங்கே வருவார்? ஜோய் யோசித்து அவரைக் கைத்தொழிலாளி ஆக்கினான். மேனேஜரின் நாயைக் குளிப்பாட்டி நடக்கக் கூட்டிப்போகிறவருக்கு மாதச் சம்பளம் உண்டு. ஆகவே அவர் நான்காம் எண், உத்தியோகஸ்தர்.

நான் ஆறாம் எண். அந்த எண்ணுக்குக் கீழே யார் யார் என்று பொடி எழுத்தில் விளக்கம் இருந்தது: குழந்தைகள், நோயாளிகள், பிச்சைக்காரர்கள், சிறையில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள்.

"ஜோய், நான் தோட்டத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தவன்" என்றேன்.

"அறியாம் சாரே. பட்சே இப்போ ரிட்டயர் ஆயல்லோ." தெரியும், ஆனால் இப்போது ரிட்டயர் ஆகிவிட்டீர்களே என்கிறான்.

"அதற்காக? கைதியும் நானும் ஒன்றா?"

ஜோய் இதை நேர்மையாகவே யோசித்தான். "ஜெயிலில் உள்ளவனுக்கு சோறு சர்க்கார் கொடுக்கும். சாருக்கு மகள் கொடுக்கும். வித்தியாசம் உண்டு" என்றான்.

உள்ளே எஸ்தர் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

நான் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் எனக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ஏலச்செடிகள் இருக்கின்றன என்றேன். அவற்றில் காய் பிடித்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு ஆடுகள் பார்த்திருக்கலாம். ஜோயைக் கூட்டிப்போய்க் காட்டினேன். உரம் பற்றிப் பேசினேன், நோய் பற்றிப் பேசினேன், போன வாரம் களை பிடுங்கியதாகவும் சொன்னேன். கடைசியில் அவன் ஆறை அடித்து ஒன்று போட்டான். அன்று காலையில் பாதி இதிலேயே போய்விட்டது. நான் விவசாயி ஆனேன்.

3

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நம்மூர் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேரிக்காட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் கல்யாண அழைப்பிதழ்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மாப்பிள்ளை, பெண் பெயர்களை விட, யார் யாருக்கு என்ன உத்தியோகம் என்பதுதான் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். என் தங்கை கல்யாணத்தின்போது நான் இங்கே ஜூனியர் கிளார்க். அப்பா 'எஸ்டேட் நிர்வாகம், கேரளா' என்று அச்சடித்தார். தபால் பை சுமந்த மைத்துனருக்கு 'தபால் இலாகா'. அரிசி மில் வாசலில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு 'தொழிலதிபர்' என்று போட்டபோது, சித்தப்பாவே அழைப்பிதழை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "யாருவே இது, நானா?" என்று கேட்டார்.

"ஆமாம்வே, சும்மா இரும்" என்றார் அப்பா.

யாரையும் ஏமாற்றுவதற்காகச் செய்ததில்லை. எல்லாருக்கும் உண்மை தெரியும். ஒருவருக்கு ஒருவர் செய்துகொள்கிற மரியாதை அது. மனிதனை ஒரு படி மேலே தூக்கி வைத்து அறிமுகப்படுத்துவது நம் பழக்கம். அவன் அங்கே இருந்து விழுந்தால் யார் பிடிப்பது என்று நாம் யோசிப்பதில்லை.

4

பாக்கியம் கம்பத்துப் பக்கத்துப் பெண். கணவன் நிழல்மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும்போது விழுந்து இறந்துபோனான். அதன் பிறகும் அதே லயத்து அறையில் அவளும், எழுந்து நடக்க முடியாத மாமியாரும் இருந்தார்கள். காய் பறிக்கிற மாதங்களில் தோட்டத்தில் பறிப்பாள். பறிப்பு முடிந்தால் மலையிறங்கி அரிசி வாங்கி, குறுக்குப்பாதையில் ஏறி வருவாள். துணிப்பையில் அரிசியைக் கொட்டி, வயிற்றில் கட்டி, மேலே சேலையைச் சுற்றிக்கொள்வது அவர்கள் முறை. வேனல் காலத்தில் இந்தப் பாதையில் வருகிற பெண்கள் அத்தனை பேரும் கர்ப்பிணிகள். செக்போஸ்ட்காரர் ஒருவர் ஒருமுறை "எத்தனை மாசம்?" என்று கேட்டதற்கு, பாக்கியம் நிற்காமலே, "நாலு படிங்கய்யா" என்றாளாம். அவரே சிரித்து விட்டுவிட்டார் என்று சொல்வாள்.

ஜோயும் நானும் அவள் அறை வாசலுக்குப் போனபோது உச்சிப்பொழுது. எனக்குப் பசி. காலையில் பாதியை என் எண்ணுக்காக நான் போராடிக் கழித்ததில் இன்னும் பாதி லயம் மிச்சம் இருந்தது.

"ஜோலி எந்தா?" என்று கேட்டான் ஜோய்.

"என்ன வேலைன்னு கேக்கிறார்" என்றேன்.

"எந்த மாசத்துல?" என்றாள் பாக்கியம்.

"போன வாரம்."

"போன வாரம் காய் ஏதுங்கய்யா? காய் இருந்தாக் காயெடுப்பேன். இல்லாட்டி அரிசிதேன். ஒங்களுக்குத் தெரியாததா? ஒங்க வீட்டுச் சோத்துக்கே நாந்தேன கொண்டாரேன்."

அரிசி என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஜோய் தலை நிமிர்ந்தான். "அரியோ? எந்து அரி?"

அவன் கையில் சர்க்கார் காகிதம். என் வயிற்றில் நேற்றுச் சாப்பிட்ட குற்றம். "வியாபாரம்" என்றேன் அவசரமாக. "சின்னதாக ஒரு வியாபாரம்."

"வியாபாரமா?" பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏங்கய்யா, ஒரே மூச்சுல மொதலாளி ஆக்கிப்புட்டீகளே! ஏ அத்த, கேட்டியா? ஒன் மருமக வியாபாரியாம்."

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது: "அப்ப ஒரு காப்பித்தூள் வாங்கிப் போடச் சொல்லு."

"கட உண்டோ?" என்று கேட்டான் ஜோய்.

"கடை இல்லை. நடந்தே செய்கிற வியாபாரம்."

ஜோய் ஐந்து என்று எழுதினான். நாங்கள் அடுத்த வாசலுக்கு நகர்ந்தோம்.

போலீஸ் விவகாரம் ஆகிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் முழுவதும் உண்மையும் இல்லை. இரண்டு என்று சொல்லியிருக்கலாம். விவசாயக் கூலி. அதுவும் உண்மைதான், அதில் எந்த ஆபத்தும் இல்லை. அந்த எண் என் நாக்கு வரை வந்தது. கூலி என்று ஒரு பெண்ணை அவள் வாசலில் நின்றே சொல்வது எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பாவின் கை போய் அழைப்பிதழில் எழுதியது போல, என் வாய் அவளைத் தூக்கி வைத்தது. ஏலச்செடியைக் காட்டி எனக்காக வாதாடியதில் நூறில் ஒரு பங்கு அவளுக்காக வாதாடியிருந்தால், காய் பறிப்பையும் அரிசியையும் சேர்த்துப் பார்த்து இரண்டு போடு என்று ஜோயிடம் சொல்லியிருப்பேன். அவன் கேட்டிருப்பான். நல்ல பையன்.

5

மழை முடிந்து பஞ்சாயத்துச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். நிலமில்லாத விவசாயக் கூலிகளுக்குச் சர்க்கார் வீடு கட்டித் தரப்போகிறது. கணக்கெடுப்பில் இரண்டாம் எண் வாங்கியவர்கள் மட்டும் பட்டியலில் இருந்தார்கள்.

அதே மாதத்தில் தோட்டத்துக்குப் புது மேனேஜர் வந்தார். பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிக்கு மட்டும்தான் லயத்து அறை, மற்றவர்கள் காலி செய்ய வேண்டும் என்றார். பாக்கியம் என் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"அந்த அஞ்ச ரெண்டா மாத்தச் சொல்லுங்கய்யா. ஒத்த நம்பரு. நீங்க சொன்னாக் கேப்பாக."

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையானவர். அவள் கூலியாள்தான் என்று தோட்டத்திலிருந்து ஒரு சான்றிதழ் கொண்டுவந்தால் மேலே எழுதிக் கேட்கலாம் என்றார். பாக்கியத்தின் முகம் தெளிந்தது. "தோட்டத்து ஆபீசு ஐயாவோட ஆபீசுதேன!" என்றாள். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

புது கிளார்க் மரியாதையாக எழுந்து நின்று, நாங்கள் கேட்ட பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தார். பறிப்புக் காலத்துக்கு மட்டும் வருகிறவர்களை நான் பெயர் போட்டு எழுதியதில்லை. அவர்களைக் கூட்டி வந்து வேலை வாங்குகிற கங்காணியின் பெயர், அதற்கு நேரே இத்தனை ஆள். அவ்வளவுதான். பெயர் எழுதினால் நாளைக்கு உரிமை கேட்பார்கள் என்று மேலிடம் நினைத்தது. பெயர் எழுதாவிட்டால் மத்தியானமே வீட்டுக்குப் போகலாம் என்று நான் நினைத்தேன். அந்தக் கோடுகளை ஸ்கேல் வைத்து நேர்த்தியாகப் போட்டவன் நான்தான். என் கோடுகளைப் பார்த்து மேனேஜர்கள் மெச்சியிருக்கிறார்கள்.

பாக்கியத்துக்கு எழுத்து தெரியாது, ஆனால் என் முகம் தெரியும்.

"இதுல நான் எங்கய்யா இருக்கேன்?"

கங்காணியின் பெயருக்கு எதிரே இருந்த எண்ணின் மேல் விரலை வைத்தேன். "இதுக்குள்ளே."

"இதுல எத்தனாவது ஆளு?"

தெரியாது என்று சொன்னேன். ஜோயின் தாளை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! அதில் ஆறு வகையாவது இருந்தது. என்னிடம் இருந்தது ஒரே வகை: ஆள்.

சான்றிதழ் கிடைக்காது என்று ஆனதும், நானே மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். என் மலையாளம் சர்க்கார் காகிதங்களைப் படித்துப் பழகிய மலையாளம். நீளமாக எழுதினேன். நெல் பார்த்தவர்கள் ஏலக்காட்டை அளக்கலாமா, ஒரு வாரத்து வேலையை வைத்து ஒரு மனுஷியின் தொழிலைச் சொல்லலாமா, ஓய்வுபெற்றவர்களையும் கைதிகளையும் ஒரே வரிசையில் உட்காரவைக்கலாமா என்றெல்லாம் வாதாடினேன். அனுப்பும் முன் படித்துப் பார்க்க எஸ்தரிடம் கொடுத்திருக்க வேண்டும். அனுப்பிய பிறகு நகலைக் கொடுத்தேன். பாராட்டுவாள் என்ற நினைப்பு.

அவள் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தாள். "இதில பாக்கியம் எங்க அப்பா?"

"இருக்கிறாளே, கடைசியில்."

"கடைசி வரியில. அதுக்கு முந்தி முழுக்க நீங்கதான் இருக்கீங்க."

பதில் வந்தது. மனுவில் கோரப்படுவது என்ன என்று தெளிவாக இல்லை, தெளிவாக எழுதி அனுப்பவும் என்றார்கள். தெளிவாக எழுதி அனுப்பினேன். அதற்குள் வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள்.

6

லயத்து அறையைக் காலி செய்ய வேண்டிய நாளுக்கு முன் எஸ்தர் அவளைக் கூப்பிட்டு, எங்கள் பின்கட்டு அறையில் வந்து இருக்கச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

"நீ நல்ல பொண்ணு தாயி" என்றாள் பாக்கியம். "ஆனா நாளைக்கி ஆரும் நோட்டத் தூக்கிட்டு வந்தா, ஒங்கப்பா என்னைய என்னன்னு சொல்லுவாரு? பங்களா அம்மிணின்னு என்னத்தையாவது சொல்லிப்புடுவாரு. வேணாம்."

மாமியாரைச் சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு குறுக்குப்பாதையில் இறங்கினாள். வழி முழுவதும் அரிசி ஏறிய பாதை. நான் தடியூன்றிப் பாதை தொடங்குகிற இடம் வரை கூடப் போனேன். கனமாக இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"அரிசிக்குக் கெழவி லேசுங்கய்யா" என்றாள். "நான் ஒண்ணும் மூட்டை இல்லடி" என்றது முதுகிலிருந்த குரல். இருவரும் வளைவு திரும்புகிற வரை அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு போனது கேட்டது.

கம்பத்தில் பாக்கியத்தின் தங்கை வீட்டில் மாட்டுக் கொட்டிலை ஒட்டி ஒரு சாய்ப்புக் கூரை இறக்கி, அதன் கீழே இருவரும் இருக்கிறார்கள். லயத்து அறை இல்லாததால் பறிப்புக்கு அவளைக் கூப்பிடுவதில்லை. ஆகவே இப்போது அவளுக்கு வருடம் முழுவதும் அரிசி மட்டும்தான். அன்று நான் சொன்ன பொய் நாளாவட்டத்தில் உண்மையாகிவிட்டது. ஜோயின் தாளில் இருந்த ஐந்து இன்றைக்குத் திருத்தம் தேவைப்படாத எண்.

எஸ்தர் அந்தக் கணக்கெடுப்புக்காரரைத் திருப்பி அனுப்பினாளே, அதற்கு இரண்டு நாள் கழித்து பாக்கியம் வந்தாள். வழக்கமாக அவள் குரல் கேட்டால் நான் உள் அறையில் வேதப்புத்தகம் படிக்கத் தொடங்கிவிடுவேன். என் வேத அறிவு இந்த இரண்டு வருடத்தில் நன்றாக வளர்ந்திருக்கிறது. அன்று எப்படியோ வாசலுக்கு வந்துவிட்டேன். அவள் இடுப்பிலிருந்து பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எஸ்தர் படியை எடுத்து வந்து அளக்கத் தொடங்கினாள்.

"சௌக்கியமா பாக்கியம்?"

"இருக்கேங்கய்யா. கெழவிதேன் ராவெல்லாம் மாட்டத் திட்டுது. மாடும் பதிலுக்குக் கத்துது. எனக்குத் தூக்கம் இல்ல." பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்: "அங்கயும் ஆளு வந்துச்சு. நோட்டும் கையுமா."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன வேலைன்னு கேட்டாங்களா?"

"கேட்டாக."

"நீ என்ன சொன்னே?"

"வீடில்லன்னு சொன்னேன்."

"இல்லை பாக்கியம், அவங்க கேட்டது வேலையை..."

"அவுக கேட்டது வேலைதேன். எனக்கு இல்லாதது வீடு. கூட நின்னு எடுத்துச் சொல்லப் படிச்சவுக ஆரும் இல்ல. அதான் நானே சொல்லிப்புட்டேன்."

"எழுதிக்கிட்டாரா?"

"மொதல்ல முழிச்சாரு. பெறகு எழுதிக்கிட்டாரு."

எந்த எண்ணுக்கு நேரே எழுதினார் என்று கேட்க வாய் திறந்தேன். எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டு, அளந்த அரிசியை உள்ளே எடுத்துப் போனேன்.